வலது பக்கத்து மானிட்டர்

அத்தியாயம் 14

ஆஃபீஸ் மாடிப்படியில் வழுக்கி விழுந்த அப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தவரை போன வாரம் சொல்லியிருந்தேன். சோபாவில் சாய்த்து உட்கார வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என் வரைபடம் என்ன ஆச்சு?" என்பதுதான். எலும்பு எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை.

இந்த வாரம்தான் படிக்க உட்காருகிறீர்கள் என்றால், எங்கள் வீட்டைப் பற்றி நாலு வார்த்தை. அப்பா திஹோமிர், இங்கே நீஷ் நகரத்தில் ஒரு சின்ன கம்பெனியில், கட்டடங்களுக்குள் சூடேற்றும் குழாய்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுக்கிறவர். அம்மா ராத்மிலா, அப்பாவைச் சமாளிக்கிறவள். நான் தானிட்சா, மூத்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். தம்பி நெஷா பெல்கிரேடில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அப்பாவும் அவனும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். முதலாளியம்மா ஸோர்காவிடம் அப்பா கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த வேலையை, நெஷா ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போனான். அப்பாவுக்கு ஆஃபீஸில் தலைகாட்ட முடியவில்லை. "நான் நின்னு ஸ்லாவா நடத்துற வீட்டுக்கு அவன் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவனும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே மரத்தில் வெட்டிய கட்டைகள்.

இன்றைக்கு அந்த ஸ்லாவா. எங்கள் குடும்பத்தைக் காக்கிற புனித நிகோலாவின் நாள். மேஜை நடுவில் மெழுகுவர்த்தி, ரொட்டி, சர்க்கரையும் வாதுமையும் போட்ட கோதுமைக் கிண்ணம். விரத நாள் என்பதால் கறி கிடையாது, மீன்தான். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள், வந்தவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டுக்காரர் அன்று முழுக்க உட்காரவும் கூடாது. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்து, நின்றபடியே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வீட்டுக்காரரான அப்பாவோ, கால் ஒரு ஸ்டூல் மேல், லேப்டாப் மடியில், முகம் உர்ரென்று, உட்கார்ந்திருந்தார்.

ஸ்லாவாவுக்கு லீவு உண்டு. அப்பா எடுக்கவில்லை. எடுக்கிற நிலையிலும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறை வரைபடம் இன்று ஆஃபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் கால் ஆறும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஸோர்கா சொல்லியிருந்தார். இல்லையென்றால் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, "ஓய்வு பத்தி நிதானமா பேசலாம், திஹோமிர்" என்றாராம். அந்த 'நிதானமா' என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அப்பா ராத்திரி தூங்கவில்லை. குழாய் வரையாத அப்பாவை எனக்கும் கற்பனை செய்ய முடியவில்லை. அம்மாவால் முடிந்தது. அதனால்தான் அவள் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தாள்.

சிக்கல் இதுதான். வரைகிற ப்ரோகிராம் ஆஃபீஸில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. வீட்டில் இருப்பது நெஷா விட்டுப்போன பழைய லேப்டாப். அதில் ஓடுவது லினக்ஸ். இங்கிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் ஒன்றைக் கம்பெனி போட்டுக் கொடுத்திருந்தது. அப்பா இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும், அங்கே தெரிகிற திரை இங்கே தெரியும்.

தெரிந்தது. ஆனால் எப்போது தெரிய வேண்டுமோ அப்போது இல்லை. அப்பா ஒரு கோடு இழுப்பார். கோடு வராது. வரவில்லையே என்று இன்னொன்று இழுப்பார். அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்து, ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அதை அழிக்கப் போனால் அழிந்ததும் தெரியாது.

காலையிலேயே பக்கத்து வீட்டு சாவா மாமா குடும்பத்தோடு வந்துவிட்டார். வந்தவர்கள் ஆளுக்கொரு போனை எடுத்து எங்கள் வைஃபையில் உட்கார்ந்தார்கள். அம்மா ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சர்ச்சில் காணிக்கை வாங்குகிற மாதிரி ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள். போன்கள் கூடைக்குள் விழுந்தன. சாவா மாமா மட்டும், தன் போன் வெறும் கடிகாரம்தான் என்று வாதாடிப் பார்த்தார். அம்மா கூடையை அசைக்கவே இல்லை.

அப்படியும் கோடு நகரவில்லை. நான் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"அவன் விட்டுட்டுப் போன பெட்டிதானே. அவனை மாதிரியேதான் இருக்கும். வேலை நேரத்துல காணாம போயிடும்," என்றார் அப்பா.

அம்மா அடுக்களைக்குப் போனாள். விடிவதற்கு முன்பே அவள் ஒரு காரியம் செய்துவிட்டிருந்தாள் என்பது, சமையலுக்கு உதவ ராத்திரியே வந்து தங்கியிருந்த எனக்கு மட்டும் தெரியும். கை முழுக்க மாவோடு, போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்து, நெஷாவிடம் பேசினாள். வா என்று அழைக்கவில்லை. அழைத்தால் அது ஸ்லாவா இல்லையே. லேப்டாப் இழுத்தடிக்கிறது என்று மட்டும் சொன்னாள். நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றான் அவன்.

"இந்த வருஷம் மீன் நல்லா கொழுப்பா கிடைச்சிருக்குடா," என்றாள் அம்மா.

அப்பா என்ன சொல்வார் என்று கேட்டான்.

"அவர் நின்னு நடத்துற வீட்டுக்குத்தானே வரவேண்டாம்னாரு. இந்த வருஷம் அவர் எங்க நிக்கிறாரு? உக்காந்துதான் இருக்காரு."

மதியத்துக்கு முன்னால் மணி அடித்தது. நான்தான் திறந்தேன். நெஷா தோளில் பனியோடு, கையில் ராக்கியா என்கிற பழச்சாராய பாட்டிலோடு நின்றான். மூன்று வருஷத்தில் கொஞ்சம் இளைத்திருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், தாடி நன்றாக இல்லை என்றேன்.

அம்மா கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டான். சாவா மாமா மென்றுகொண்டிருந்ததைக்கூட நிறுத்திவிட்டார்.

ஸ்லாவா அன்று வந்தவரைப் போகச் சொல்லக் கூடாது. அது அப்பாவுக்கும் தெரியும். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "கதவைச் சாத்துங்க, சூடெல்லாம் வெளிய போகுது" என்றார்.

அது வரவேற்பா, விரட்டலா என்று நெஷா என்னைப் பார்த்தான். எங்கள் அப்பாவிடம் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது என்று கண்ணாலேயே சொன்னேன்.

அவன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். முதலில் தன் பையிலிருந்து ஒரு நீளமான கேபிளை எடுத்து, வைஃபை பெட்டியிலிருந்து நேராக லேப்டாப்புக்கு இழுத்துச் செருகினான். சாவா மாமாவின் கால்களைத் தாண்டி அது ஓடியது. கோடு கொஞ்சம் சீக்கிரம் வந்தது. அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு ஆஃபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தான். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. அப்படியானால் பாதை நன்றாகத்தான் இருக்கிறது, பாதையில் ஏற்றி அனுப்புகிற பாரம்தான் அதிகம் என்று பொதுவாக எங்கள் எல்லோருக்கும் சொன்னான். அப்பா பெயரைச் சொல்லிச் சொல்லவில்லை. திரையின் நிறங்களைக் குறைத்தான், படங்களைச் சுருக்கி அனுப்பும்படி மாற்றினான். இன்னும் கொஞ்சம் வேகம் வந்தது.

ஆனாலும் கோடு நடுநடுவே நின்றது. ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். நெஷா மவுஸை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே இடைவெளியில நிக்குது. அங்க ஏதோ ஒண்ணு விடாம மாறிக்கிட்டே இருக்கு," என்றான். அப்புறம் முதல் தடவையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, உங்க மேஜையில ரெண்டு மானிட்டரா?"

அப்பாவின் கை லேப்டாப் மூடியில் போய் உட்கார்ந்தது.

"எதுக்குக் கேக்குற?"

வருகிற படத்தின் அகலம் இந்தத் திரையைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது என்று நெஷா விளக்கினான். விண்டோஸ் தன் இரண்டு மானிட்டரையும் ஒட்டி ஒரே படமாக அனுப்புகிறது. இங்கே இருக்கிற லினக்ஸ் ப்ரோகிராம் அதை முழுசாக வாங்கிக்கொண்டு, இடது பாதியை மட்டும் காட்டுகிறது. வலது பாதி கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டே இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"அதெல்லாம் வேண்டாம். அந்த மானிட்டரை அணைக்கச் சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

"மானிட்டர்ல விளக்குதான் அணைஞ்சிருக்கும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு வரைஞ்சுகிட்டே இருக்கும்."

"வேண்டாம்னா வேண்டாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை போகிற நேரத்தில் இந்த மனிதர் எதைப் பொத்திப் பாதுகாக்கிறார்? அம்மா மீன் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றவள், அப்படியே நின்றாள்.

"அப்ப வரைபடம் இன்னைக்குப் போகாது," என்றான் நெஷா. கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர்கள் சொல்வதைப்போலச் சொன்னான்.

அப்பா கொஞ்ச நேரம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியிலிருந்து கையை எடுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்துக்கோ," என்றார்.

நெஷா கீழே இருந்த பட்டையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தான். கொதிகலன் அறை இடது பக்கமாக ஒதுங்கிப் போனது. வலது பக்கத்து மானிட்டர் வந்தது.

அதில் நெஷா இருந்தான்.

முன்பல் இல்லாத நெஷா, தன் உயரத்துக்கு ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் படம் மெல்லக் கரைந்து, பள்ளிக்கூடச் சட்டையில் நெஷா வந்தான். அதுவும் கரைந்தது. அடுத்து நானும் அவனும் சண்டை போடுகிற படம். நான் அழுதுகொண்டிருந்தேன், அவனும் அழுதுகொண்டிருந்தான். அதுவும் கரைந்தது. அப்புறம் கண்ணாடி போட்ட, இளைத்த நெஷா, ஆற்றங்கரையில் ஒரு காபிக் கோப்பையோடு. பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற நெஷா. பிறந்தநாள் கேக்கைப் பார்த்துச் சிரிக்கிற நெஷா. இந்த மூன்று வருஷத்து நெஷாக்களை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நெஷா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு தன் தொழிலுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

"இதுதான் பாரம். ஒரு படம் கரைஞ்சு அடுத்தது வருது பாருங்க, அந்தக் கரையிற நேரம் முழுக்க அந்தப் பக்கத்தை மொத்தமா திரும்பத் திரும்ப இங்க அனுப்புது. நீங்க போடுற கோடு அதுக்குப் பின்னாடி வரிசையில நின்னு வரணும்."

மூன்று வருஷமாக அப்பாவின் குழாய்களுக்கு முன்னால் அவன்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "கூடத்துல இருந்த இவன் போட்டோவைக்கூடக் கழட்டச் சொன்னீங்களே," என்றாள்.

"வீட்ல எல்லாரும் பாப்பீங்க. ஆஃபீஸ்ல யாரு பாக்கப் போறா," என்றார் அப்பா ஜன்னலிடம்.

நெஷா மவுஸை நகர்த்தினான். இந்தப் படங்களை எடுத்துவிட்டு வெறும் கறுப்பாக வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றான்.

"எடுக்காதே," என்றார் அப்பா. சட்டென்று வந்த அந்த வார்த்தைக்கு அவரே பயந்ததுபோல் இருந்தது.

"எடுக்கல. மாறாம நிறுத்தி வைக்கிறேன். அசையாத படத்தால பாரமே இல்ல, ஒரு தடவ வந்து சேந்தா போதும்." நெஷா மவுஸிலிருந்து கையை எடுத்தான். "எந்தப் படம் வேணும்ப்பா?"

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். திரையை வெகுநேரம் பார்த்தார். ஆற்றங்கரைப் படம் திரும்ப வந்தபோது, "இது" என்றார்.

நெஷா அதை நிறுத்தினான். அதில் அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எங்களிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"இதையெல்லாம் எடுத்தது யாருடா?" என்றேன்.

அவன் காது சிவந்தது. இந்தப் படங்கள் அப்பாவுக்கு எப்படிப் போயின என்று தனக்கும் தெரியாது என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று அவன் முழியிலேயே தெரிந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் ஒரு கோடு இழுத்தார். இழுத்த கையோடு கோடு வந்து நின்றது.

"அடடே," என்றார் அப்பா. எங்கள் கேள்வி அத்தோடு காணாமல் போனது.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. குழாய்கள் சுவரோரமாக ஓடின, மூலையில் திரும்பின, கொதிகலனில் போய்ச் சேர்ந்தன. நடுவில் அவர் ஏதோ முனகிப் பாடியதைக்கூடக் கேட்டேன். ஆஃபீஸ் மூடுவதற்கு முன்பே வரைபடம் போய்ச் சேர்ந்தது. ஸோர்காவிடமிருந்து பதிலும் வந்தது. ஸ்லாவா வாழ்த்து, கால் ஆறும்வரை அவசரப்பட வேண்டாம், அடுத்த வேலையும் வீட்டுக்கே வரும் என்று. அம்மா அதை என்னிடம் திரும்ப ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சாவா மாமாவின் போனைக் கூடையிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவள் நன்றி சொல்லும் விதம் அப்படி.

மணி அடித்தது. புதிதாக யாரோ வந்திருந்தார்கள். பழக்கத்தில் அப்பா ஊன்றுகோலைப் பிடித்து எழப் போனார். நெஷா அவர் தோளில் கை வைத்தான். அப்பா அந்தக் கையைப் பார்த்தார், தட்டிவிடவில்லை.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க. என்னால நிக்க முடியாது," என்றார். "நீ நில்லு."

இந்த இரண்டு வார்த்தைக்காகக் கடவுளுக்கும், புனித நிகோலாவுக்கும், வழுக்கிவிட்ட அந்த மாடிப்படிக்கும் நான் நன்றி சொன்னேன். சரியாக வராத அந்தக் கோட்டுக்கும் சொன்னேன். அது காலையிலேயே ஒழுங்காக வந்திருந்தால், தன்னைத் தவிர யார் கண்ணிலும் படாத அந்த மானிட்டரோடே அப்பா ஒருநாள் ஓய்வுக்குப் போயிருப்பார்.

நெஷா நின்றான். சாயங்காலம்வரை நின்றான். பாட்டிலும் கையுமாக வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தான். யாருக்கு எவ்வளவு ஊற்றுவது என்று அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினார். சாவா மாமாவுக்குப் போதும் என்றார். மாமா போதாது என்றார். கால் வலிக்கிறதா என்று நெஷாவிடம் கேட்டேன். நாள் முழுக்க நின்றதில் செருப்புக்குள் கால் வீங்கிவிட்டது என்று சிரித்தான். ஆற்றங்கரைப் படத்தில் இருந்த அதே சிரிப்பு.

வெளிச்சம் மங்குகிற நேரம். இன்னும் ஒருமுறை மணி அடித்தது.

வீட்டுக்காரனாக நெஷா போய்த் திறந்தான். திறந்தவன் 'வாங்க' என்று சொல்லவில்லை. பாட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றான். எட்டிப் பார்த்தேன். குளிரில் மூக்கு சிவந்த ஒரு பெண், கையில் பூங்கொத்தோடு, அவனைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சிரித்தாள். கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது.

"என்னடா, வந்தவங்களை வாசல்லயே நிக்க வைக்கிற?" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "யாஸ்னா, உள்ள வாம்மா. நீ அனுப்பின படமெல்லாம் பத்திரமா இருக்கு."

அம்மா கோதுமைக் கிண்ணத்தோடு மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள், நெஷாவைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

"ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாதுன்னு தெரியும்ல?" என்றாள்.

"நான் எங்க அழைச்சேன்?" என்றார் அப்பா. "இந்த வருஷம் மீன் கொழுப்பா இருக்குன்னு மட்டும்தான் எழுதினேன்."